இதய சி.டி. ஆஞ்சியோவில் கதிர்வீச்சைக் குறைத்தால் படம் கெடுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது என்று சொன்ன உங்கள் அம்மாவுக்கு டிரெட்மில் சோதனையில் தெளிவான முடிவு கிடைக்காததால், இதய மருத்துவர் சி.டி. ஆஞ்சியோ, அதாவது கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி இதயத் தமனிகளை சி.டி. கருவியில் படம் எடுக்கும் சோதனை, எடுக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு வயது 52. வீசிங் உண்டு, இன்ஹேலர் பயன்படுத்துகிறார். நீங்கள் விசாரித்த ஒரு ஸ்கேன் மையம் 2 மில்லிசீவர்ட்டில் (உடல் பெறும் கதிர்வீச்சைச் சொல்லும் அலகு அது) முடித்துவிடுவோம் என்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் பெரியப்பாவுக்கு வேறோர் இடத்தில் எடுத்த இதே சோதனையின் அறிக்கையிலோ 14 என்று இருக்கிறது. ஒரே சோதனைக்கு ஏழு மடங்கு வித்தியாசம் எப்படி வரும், குறைவாகக் கொடுப்பவர்கள் படத்தைக் கெடுத்து அடைப்பைத் தவறவிட்டுவிட மாட்டார்களா என்பது உங்கள் கவலை. கதிர்வீச்சு கூடினால் படம் தெளியும், குறைந்தால் மங்கும் என்ற எண்ணம் இந்தக் கவலைக்கு அடியில் இருக்கிறது. அசையாத ஓர் உறுப்பைப் படம் எடுக்கும்போது அது பெரும்பாலும் சரி. இதயத்துக்கு அது பாதிதான் சரி.

நான் மருத்துவ இயற்பியலாளர். சி.டி. கருவிகளின் கதிர்வீச்சு அளவைச் சோதிப்பதும், ஸ்கேன் அமைப்புகளைத் திருத்தித் தருவதும் பல ஆண்டுகளாக என் வேலை. படத்தைப் பார்த்து அடைப்பு எவ்வளவு என்று சொல்பவர் கதிரியக்க மருத்துவர். உங்கள் அம்மாவுக்கு இந்தச் சோதனை வேண்டுமா என்று முடிவு செய்பவர் இதய மருத்துவர். அவர்கள் இருவரின் எல்லைக்குள்ளும் நான் நுழையப்போவதில்லை.

2, 14 என்ற எண்களை ஒப்பிடுவதற்கு முன் அவை எப்படி வருகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். மில்லிசீவர்ட்டைக் கருவி நேரடியாக அளப்பதில்லை. ஸ்கேன் முடிந்ததும் கருவி தருவது டி.எல்.பி. என்ற எண், உடலின் ஒரு குறுக்கு வெட்டில் பாய்ந்த கதிர்வீச்சை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கினால் வருவது அது. அந்த எண்ணை ஒரு மாற்றுக் காரணியால் பெருக்கித்தான் மில்லிசீவர்ட் சொல்கிறார்கள். நெடுங்காலம் புழங்கிய காரணி 0.014, மார்புப் பகுதி முழுமைக்குமாகக் கணக்கிட்டது அது. இதய ஸ்கேனின் வீச்சுக்குள் நுரையீரலும் மார்பகமும் நேராக வந்து விழுகின்றன. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2007ஆம் ஆண்டின் பரிந்துரையில், ஒவ்வோர் உறுப்பும் கதிர்வீச்சால் எவ்வளவு பாதிக்கப்படும் என்பதற்குத் தரும் எடையை மார்பகத்துக்கு 0.05இலிருந்து 0.12ஆக உயர்த்தியது. இவற்றையெல்லாம் சேர்த்து, இதயத்துக்கென்று 2018இல் புதிதாகக் கணக்கிட்டபோது காரணி 0.026 என்று வந்தது. ஆகவே, ஒரே ஸ்கேனை ஒருவர் 2 மில்லிசீவர்ட் என்றும் மற்றொருவர் ஏறத்தாழ 4 என்றும் சொல்லலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. பெரியப்பாவின் அறிக்கையில் உள்ள 14 பழைய காரணிப்படி வந்ததென்றால் அவருடைய டி.எல்.பி. 1000 அளவில் இருந்திருக்கும். அம்மாவுக்குச் சொன்ன 2 என்பது டி.எல்.பி. 150க்குச் சற்றுக் குறைவு. டி.எல்.பி.யை டி.எல்.பி.யோடு ஒப்பிடுங்கள். அப்படி ஒப்பிட்டாலும் ஏழு மடங்கு ஏழு மடங்காகவே நிற்கும், அந்த வித்தியாசம் உண்மையானதுதான்.

அது எங்கிருந்து வருகிறது? இதயத் தமனிகளின் குறுக்களவு 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அவை துடிக்கும் தசையின் மேல் ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து ஆடுகின்றன. வலது தமனி எல்லாவற்றிலும் வேகமாக ஆடும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில், இதயம் சுருங்கி முடிந்து, விரிந்து, அடுத்த சுருக்கத்துக்கு முன் சற்றே ஓய்ந்து நிற்கும் நேரம் ஒன்று உண்டு. படம் எடுக்க உகந்த நேரம் அதுதான். பழைய முறையில், மேசை மிக மெதுவாக நகர, உடலைச் சுற்றிவரும் கதிர்க்குழாய் துடிப்பின் எல்லாக் கட்டங்களிலும் நிற்காமல் எரிந்துகொண்டிருக்கும். உடலின் ஒரே பகுதியின் மேல் சுற்றுகள் நான்கைந்து முறை ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பிறகு இசிஜியைப் பார்த்து, ஓய்வான கட்டத்தில் கிடைத்த தரவை மட்டும் எடுத்துப் படம் கட்டுவார்கள். மீதி, அதாவது பெரும்பகுதி, நோயாளியின் உடலுக்குள் போய்விட்டது, படத்துக்குள் வரவில்லை. உங்கள் பெரியப்பா பெற்ற 14இல் பெரும் பங்கு இப்படிப் போனதாகத்தான் இருக்கும். இதை நிறுத்துவதற்குப் படத்தெளிவில் எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை.

நிறுத்தும் வழி எளிது: இசிஜியைப் பார்த்துக்கொண்டே, ஓய்வான கட்டம் வரும்போது மட்டும் கதிர்க்குழாயை எரியவிடுவது, பிறகு அணைத்து, மேசையை நகர்த்தி, அடுத்த துடிப்புக்குக் காத்திருப்பது. முன்கூட்டித் தூண்டும் முறை என்று இதைச் சொல்லலாம். 400 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து இந்த முறையையும் பழைய முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளியானது. அதில் படத்தின் தரத்துக்கான மதிப்பெண் இரு பக்கமும் சமமாகவே இருந்தது; கதிர்வீச்சு 69 சதவீதம் குறைந்தது. நான் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் முதல் இடம் இதற்குத்தான்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று கருவி முன்கூட்டியே கணிக்க வேண்டும். ஓய்வான நேரமும் போதிய நீளமாக இருக்க வேண்டும். துடிப்பு 60இல் இருந்தால் இரண்டும் நடக்கும். 90இல் ஒரு துடிப்புக்கு விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான்; அதில் முதலில் கரைந்துபோவது அந்த ஓய்வு நேரம். சுற்றுக்கு 350 மில்லிவிநாடி எடுக்கும் கருவி ஒரு படத்துக்கு அதில் பாதியை, 175 மில்லிவிநாடியை, செலவிடுகிறது. இரண்டு கதிர்க்குழாய்கள் உள்ள கருவிகள் 2006இல் வந்தபோது அது 83 ஆனது. பின்வந்த தலைமுறைகளில் 75, 66 என்று இறங்கியது. கருவி வேகமாக இருந்தால் வேகமான இதயத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இருந்தும், எவ்வளவு விலை உயர்ந்த கருவியானாலும், துடிப்பைக் குறைக்கும் ஒரு பீட்டா பிளாக்கர் மாத்திரை செய்கிற வேலையை அது முழுமையாகச் செய்துவிடாது என்பது என் அனுபவம். இதயத்தை 60க்கு இறக்கினால் கதிர்வீச்சும் குறையும், படமும் தெளியும். இரண்டும் ஒரே திசையில் நகர்கிற இடம் இது. அதனால்தான் கதிர்வீச்சு குறைந்தால் படம் மங்கும் என்ற கணக்கு இங்கே பாதிதான் சரி என்றேன்.

ஒருமுறை ஒரு மையத்தில் கருவியைச் சோதிக்கப் போயிருந்தேன். அன்று வெளியே நோயாளிகள் வரிசை நீண்டிருந்தது. ஒருவருக்குத் துடிப்பு 84இல் இருக்கும்போதே, காத்திருக்க நேரமில்லை என்று மேசையில் ஏற்றிவிட்டார்கள். எந்தக் கட்டத்திலும் தரவு விட்டுப்போகக் கூடாதென்று முழுத் துடிப்பும் எரியும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். டி.எல்.பி. ஆயிரத்தைத் தாண்டியது. அத்தனை கதிர்வீச்சுக்குப் பிறகும் வலது தமனி நடுவில் படிக்கட்டு போல உடைந்து தெரிந்தது. அடைப்பு உண்டா இல்லையா என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை, நோயாளி இதயம் வரை மெல்லிய குழாய் செலுத்திச் செய்யும் கத்தீட்டர் ஆஞ்சியோவுக்கு அனுப்பப்பட்டார். அதிகமாகக் கொடுத்தால் பாதுகாப்பு என்று யாராவது என்னிடம் சொன்னால் அந்தப் படம்தான் நினைவுக்கு வரும்.

நேரத்துக்கு அடுத்தபடியாக வருவது கதிர்க்குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம். ஆரம்ப காலத்தில் எல்லோருக்கும் 120 கிலோவோல்ட்தான். மின்னழுத்தத்தைக் குறைத்தால், மற்றவை மாறாமல் இருக்கும்போது, கதிர்வீச்சு ஏறத்தாழ அதன் இருபடி விகிதத்திலோ அதைவிடச் சற்று வேகமாகவோ குறையும். சாதாரண ஸ்கேனில் அதற்கு ஈடாகப் படத்தில் புள்ளிப்புள்ளியான இரைச்சல் கூடும். இங்கே ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. தமனிகளைக் காட்டுவதற்காகக் கையின் சிரை வழியே செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தில் இருப்பது அயோடின். அயோடின் அணு 33.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்று மேலுள்ள கதிர்களை மிக அதிகமாக உறிஞ்சும். மின்னழுத்தத்தைக் குறைக்கும்போது கதிர்களின் சராசரி ஆற்றல் அந்த எல்லையை நோக்கி இறங்குகிறது. அதனால் அதே மருந்து இன்னும் பளிச்சென்று தெரிகிறது. இரைச்சல் சற்றுக் கூடினாலும் தமனிக்கும் சுற்றியுள்ள தசைக்கும் உள்ள வேறுபாடும் கூடிவிடுவதால் பார்ப்பவருக்கு இழப்பு தெரிவதில்லை. 120க்குப் பதில் 100 கிலோவோல்ட் வைத்து ஒப்பிட்ட ஆய்வில் கதிர்வீச்சு 31 சதவீதம் குறைந்தும் படத்தின் தரம் தாழவில்லை. 90 கிலோ எடைக்கு உட்பட்டவர்களுக்கு 100 போதும் என்று இதய சி.டி.க்கான சர்வதேசச் சங்கம் 2011இலேயே வழிகாட்டிவிட்டது. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு 80, 70 என்றும் இறங்கலாம். கதிர்க்குழாய்க்கு அந்தத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் போதிய மின்னோட்டம் தரும் வலு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னவற்றில் படத்துக்குச் சேதம் இல்லை. இதற்குப் பிறகுதான் உங்கள் கவலை உண்மையில் பொருந்துகிற இடம் வருகிறது. உரிய நேரத்தில், உரிய மின்னழுத்தத்தில் அனுப்பும் கதிர்களையே மேலும் குறைத்தால் இரைச்சல் கூடும். இதில் யாரும் தப்ப முடியாது. கதிர்வீச்சைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 41 சதவீதம் கூடும், கால்பங்காக்கினால் இரட்டிப்பாகும். அந்த இரைச்சலைக் கணினியில் அடக்குவதற்குத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் படம் கட்டும் முறை வந்தது. 2019 வாக்கில் பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு நரம்பு வலைகளைக் கொண்டு கட்டும் முறையும் சந்தைக்கு வந்தது. மிதமாகப் பயன்படுத்தினால் மின்னோட்டத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்க இவை உதவுகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. அளவு மீறினால் படம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், மென்மையான கொழுப்புப் படிவின் ஓரம் அதில் கரைந்துபோயிருக்கும். கண்ணுக்கு அழகான படமும் நோயைக் காட்டும் படமும் ஒன்றல்ல. அந்த எல்லை எங்கே என்பது கருவிக்குக் கருவி, மருத்துவருக்கு மருத்துவர் மாறும். விளம்பரங்களில் வரும் சதவீதங்களை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் புதிய உணர்விகள் உள்ள கருவிக்கு 2021 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதன் இயற்பியல் அடிப்படை வலுவானது. கதிர்வீச்சைக் குறைப்பதைவிட, ஸ்டென்டுக்குள்ளும் சுண்ணாம்புப் படிவின் அருகிலும் கூர்மையாகப் பார்க்க உதவுவதுதான் அதன் பெரிய பயன் என்பது என் கணிப்பு.

இவற்றுக்கு நடுவே பேசப்படாமல் போகிற சில்லறை விஷயங்கள் உண்டு. மையங்களுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். இதயம் 12 முதல் 14 சென்டிமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று மேலே இரண்டு, கீழே மூன்று சென்டிமீட்டர் சேர்த்தால் டி.எல்.பி. மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்தச் சென்டிமீட்டர்களில் ஒரு தமனிகூட இருக்காது. நோயாளி கருவி வளையத்தின் நடுவில் இல்லாமல் கீழே தாழ்ந்தோ மேலே உயர்ந்தோ படுத்திருந்தால், மின்னோட்டத்தைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு அவரது உடலளவைத் தவறாகக் கணித்து, வேண்டியதைவிடக் கூடவோ குறையவோ கொடுக்கும். கருவியை நிறுவிய நாளில் நிறுவனத்தின் ஆள் பதிந்துவைத்த அமைப்பை ஆறேழு ஆண்டுகளாக யாரும் தொடாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சு மிகும்போது எச்சரிக்க அன்று கருவியில் வைத்த எண்கள் இன்றும் அப்படியே, நாற்பத்தைந்து கிலோ அம்மாவுக்கும் தொண்ணூற்றைந்து கிலோ அப்பாவுக்கும் ஒரே 120 கிலோவோல்ட்.

இது ஒன்றிரண்டு மையங்களின் கதை அன்று. 2007இல் 50 மையங்களில் 1,965 நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது நடுமதிப்பு டி.எல்.பி. 885, பழைய காரணிப்படி 12 மில்லிசீவர்ட். பத்து ஆண்டுகள் கழித்து, 2017இல், 32 நாடுகளின் 61 மையங்களில் 4,502 பேரை எடுத்துக்கொண்ட கணக்கெடுப்பில் அது 195ஆக, அதாவது 2.7 மில்லிசீவர்ட்டாக, இறங்கியிருந்தது. இவ்வளவு இறங்கியும், கண்டறிய முடியாமல் போன படங்களின் பங்கு கூடவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. அதே கணக்கெடுப்பில் மிகக் குறைவாகக் கொடுத்த மையத்துக்கும் மிக அதிகமாகக் கொடுத்த மையத்துக்கும் 37 மடங்கு வித்தியாசம் இருந்தது. ஆகவே உங்கள் வீட்டில் கண்ட ஏழு மடங்கில் வியப்பில்லை. 2 என்ற வாக்கும் நம்பத்தகாததல்ல.

அதற்காக, அதிகம் கொடுத்தவர்கள் எல்லோரும் கவனமற்றவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சிறிய ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆகியோருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். பைபாஸ் ஆனவர்களுக்கு ஒட்டுக்குழாய் புறப்படும் இடம் வரை, தோள்பட்டைக்குக் கீழிருந்து, ஸ்கேன் செய்ய வேண்டும். நீளம் கூடுகிறது, டி.எல்.பி.யும் கூடுகிறது. வால்வின் அசைவைப் பார்க்க வேண்டுமானால் துடிப்பின் எல்லாக் கட்டங்களும் வேண்டும். அப்போதும் முக்கியமற்ற கட்டங்களில் மின்னோட்டத்தை ஐந்தில் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழோ தாழ்த்திவைக்கலாம். உங்கள் பெரியப்பா இவற்றில் எந்த வகை என்று அறிக்கையின் இரு வரிகளை வைத்து நான் சொல்ல முடியாது. மறுபுறம், ஒரே துடிப்பில், கால் விநாடியில், இதயம் முழுவதையும் கடந்துவிடும் அதிவேக முறை இருக்கிறது. 1 மில்லிசீவர்ட்டுக்குள் முடிந்துவிடும். அந்தக் கால் விநாடியில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டால் மாற்றுக்கு வேறு கட்டம் இருக்காது, மறுபடி எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களுக்கு என்றால், துடிப்பு 60க்குக் கீழ் ஆடாமல் நிற்கும்போது மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

ஆபத்து எவ்வளவு என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் கேள்விக்குப் பின்னால் அது நிற்கிறது. 2007இல் வெளியான, பலரும் மேற்கோள் காட்டும் ஒரு கணக்கீடு, அக்காலத்து 64 ஸ்லைஸ் கருவியில் (ஒரு சுற்றில் 64 வெட்டுப்படங்கள் தருவது) எடுக்கும் ஒரு சோதனையால் வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு 20 வயதுப் பெண்ணுக்கு 143இல் 1, 80 வயது ஆணுக்கு 3,261இல் 1 என்றது. பெண்ணுக்கும் இளம் வயதினருக்கும் கவலை அதிகம் என்ற திசை நம்பத்தக்கது. எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. அவை நோயாளிகளை எண்ணிப் பெற்றவை அல்ல, ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களின் தரவை முதன்மையாகக் கொண்ட மாதிரியைத் தாழ்ந்த அளவுகளுக்கு நேர்கோட்டில் நீட்டிப் பெற்றவை. அந்தக் கோடு 2, 3 மில்லிசீவர்ட்டிலும் செல்லுபடியாகுமா என்பது அறிவியலில் இன்னும் தீராத விவாதம். இயற்கையிலிருந்து மட்டும் உலக மக்கள் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார்கள். உங்கள் அம்மாவுக்குச் சொன்ன அளவு அந்த வரிசையில்தான் வருகிறது. நெஞ்சு அழுத்தத்துக்குக் காரணம் தெரியாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய சுமை.

இனி அம்மாவின் வீசிங். முன்பு சொன்ன பீட்டா பிளாக்கர், வழக்கமாக மெட்டோப்ரோலால், மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். அதனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தயங்குவார்கள் அல்லது தவிர்ப்பார்கள். மூச்சுக்குழாயைத் தொடாமல் துடிப்பை மட்டும் குறைக்கும் ஐவாப்ரடின் என்ற மருந்து இருக்கிறது. எது, எவ்வளவு, கொடுக்கலாமா என்பதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு ஸ்கேன் நாளுக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தேதி வாங்கும்போதே வீசிங் பற்றியும் இன்ஹேலரின் பெயரையும் சொல்லிவிடுங்கள். இன்ஹேலரில் வரும் சால்பியூட்டமால் போன்ற மருந்துகள் துடிப்பை ஏற்றிவிடும், ஆனால் யாரையும் கேட்காமல் அதை நிறுத்திவிடவும் கூடாது. மையத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு: துடிப்பு 65க்குக் கீழ் வராவிட்டால் என்ன செய்வீர்கள், உங்களிடம் வழக்கமாக டி.எல்.பி. எவ்வளவு வருகிறது. முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர்கள் இரண்டாவதற்கும் எண்ணைக் கையில் வைத்திருப்பார்கள். அன்று காலை காபி, டீ வேண்டாம். முந்தைய இரவிலிருந்தே விட்டால் இன்னும் நல்லது. மேசையில் ஏறும் முன் மூச்சை இழுத்துப் பத்து விநாடி அடக்கும் பயிற்சியை வீட்டிலேயே நான்கு முறை செய்து பார்க்கட்டும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை திடீரென்று ஒரு சூடு பரவும். அது ஒன்றும் செய்யாது, அரை நிமிடத்தில் அடங்கிவிடும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். யாரும் சொல்லாமல் விட்டால், அந்தச் சூட்டில் பயந்து, 58இல் இருந்த துடிப்பு படம் எடுக்கும் சரியான நொடியில் 75க்கு ஏறிவிடும்.